கடைசியாகக் குடித்தது எப்போது?

கார்த்திகை பிறந்தால் எங்கள் குடிநோய் மறுவாழ்வு மையத்தில் படுக்கைகள் நிறைந்துவிடும். மாலை போடுகிற மாதத்தில் கூட்டம் குறையத்தானே வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். பத்துப் பதினைந்து வருடமாக எழுந்தவுடன் குடித்துப் பழகியவர், முந்தின ராத்திரி கடைசிக் கட்டிங்கை முடித்துவிட்டு விடியற்காலையில் குளித்து மாலை போட்டுக்கொள்கிறார். மனசு உறுதியாகத்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் உடம்பு என்ன செய்யும் என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கு தெரியாமல்தான் நான் 2011-ல் வேலைக்குச் சேர்ந்தேன். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பை முடித்த கையோடு, தென்மாவட்ட ஊர் ஒன்றில் 15 படுக்கை உள்ள மறுவாழ்வு மையத்தில் கவுன்சிலர் வேலை. கல்லூரியில் குடிநோய் பற்றி ஒரு பாடம் இருந்தது, பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். சேர்ந்த முதல் நாளே என் கையில் பதிவேட்டைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. "பார்த்துப் பார்த்துப் பழகிக்கோம்மா" என்றார்கள்.

அந்த வருடக் கார்த்திகையில் ஒரு தையல்காரரை அவருடைய மச்சான் கூட்டிக்கொண்டு வந்தார். மாலை போட்டு இரண்டு நாளில் கை நடுக்கம் தாங்காமல், மாலையைக் கழற்றிவைத்துவிட்டு வந்திருந்தார். எதிரே உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். கடன், மகள் படிப்பு, மனைவி கட்டுகிற வட்டி என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெளியே அடைமழை, ஊரே போர்வைக்குள் இருந்தது. அவருக்கோ நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

அன்று ராத்திரி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இடது கையில் ஊசியைப் பிடித்ததுபோல் விரல்களைக் குவித்து, வலது கையால் நூல் கோர்த்தார். நூல் நுனியை நாக்கில் நனைத்தார், கண்ணைச் சுருக்கினார், மறுபடியும் கோர்த்தார். அப்புறம் காலடியில் மெஷின் இருப்பதுபோல் இரண்டு பாதங்களையும் மிதித்தார். கையில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். "நடிக்கிறான், வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பார்க்கிறான்" என்று ஒரு மூத்த ஊழியர் சொன்னார். நான் பதிவேட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினேன். என் கையெழுத்தில் அந்த இரண்டு வார்த்தைகள் இன்றைக்கும் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன.

காலையில் ஷிப்டுக்கு வந்த சிஸ்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். 130-க்கு மேல் ஓடியது, உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வேறு எதுவும் பேசாமல் 108-ஐ அழைத்தார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எட்டு நாள் வைத்திருந்து காப்பாற்றினார்கள். அங்கே பணியில் இருந்த இளம் டாக்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "கடைசியா எப்போ குடிச்சார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய கடன் எவ்வளவு, யாரிடம் என்ன வட்டி என்பதெல்லாம் தெரியும். கடைசியாக எப்போது குடித்தார் என்று மட்டும் நான் கேட்கவே இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அந்தக் கேள்வியைத்தான். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறெட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 மணி நேரத்துக்கு மேல் நான்காம் நாள் வரைக்கும் சித்தக்குழப்பம் வரும் ஆபத்து இருக்கிறது. பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், தையல்காரர் தைப்பார், மெக்கானிக் நட்டு முடுக்குவார். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பது இதன் பெயர். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரை எடுக்கும். ஆகவே கடைசியாகக் குடித்த நேரம், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இந்த இரண்டையும் கேட்டு எழுதிய பிறகுதான் நாங்கள் பெயர், ஊர், தொழில் எல்லாம் கேட்கிறோம். படிவத்தையே அப்படி மாற்றி அச்சடித்துவிட்டோம்.

கூடவே இன்னொன்று. "ரொம்பச் சோர்வா இருக்கார், ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க" என்று வீட்டுக்காரர்கள் கேட்காத நாளே கிடையாது. பல மாதம் சரியாகச் சாப்பிடாமல் குடித்தவரின் உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிப்பு முற்றிவிடலாம். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் அப்புறம். இதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான். ஆனாலும் ராத்திரி பணியில் இருக்கும் கடைசி ஊழியர் வரைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கண் ஆடுகிறதா, நடை தள்ளாடுகிறதா, பேச்சு குழம்புகிறதா என்று முதலில் பார்ப்பவர் அவர்தானே.

தையல்காரர் சம்பவத்துக்குப் பிறகு, பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று நானே போய் நின்றேன். தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு வழிகாட்டிய இடம் என்றால் சென்னையில் உள்ள டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன்தான். டி.டி.கே. மருத்துவமனை என்றால்தான் மக்களுக்குத் தெரியும். குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. மற்ற மையங்களின் ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிற வேலையையும் மத்திய அரசு அவர்களிடம் ஒப்படைத்திருந்தது. தமிழில் இதற்கென்று ஒரு பேச்சுமொழி இருக்கிறது என்பதே எனக்குப் பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. "குடிகாரன்" என்ற சொல்லை விட்டுவிட்டு "குடிநோயாளி" என்று சொல்லப் பழகியதும் அப்போதுதான். சொல் மாறினால் என்ன ஆகிவிடும் என்று முதலில் நினைத்தேன். பதிவேட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுத வந்த கை அதன் பிறகு தயங்க ஆரம்பித்தது.

பயிற்சிகளில் கிடைக்கும் கருவிகளை அப்படியே பயன்படுத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று கணிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். 20-ஐத் தொட்டால் அடிமைநிலையா என்று முறையாகப் பரிசோதிக்க வேண்டும். நல்ல கருவி, இலவசம், யாரும் பயன்படுத்தலாம். இரண்டாவது கேள்வி, குடிக்கிற நாளில் எத்தனை "டிரிங்க்" என்று கேட்கிறது. நம் ஆள் என்ன சொல்வார்? "ஒரே ஒரு குவார்ட்டர்தான் மேடம்." ஒன்று என்று குறித்தால் மதிப்பெண் பூஜ்யம். ஆனால் அந்த வினாத்தாளின் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் சுத்த ஆல்கஹால். 180 மில்லி பிராந்தி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் இருக்கிறது. அதாவது ஆறு டிரிங்க். மூன்றாவது கேள்வியோ ஒரே சமயத்தில் ஆறோ அதற்கு மேலோ எத்தனை முறை குடிக்கிறீர்கள் என்பது. தினமும் குவார்ட்டர் அடிப்பவர் இந்த இரண்டு கேள்விகளிலேயே ஆறு மதிப்பெண் வாங்க வேண்டியவர். டிரிங்க் என்றால் என்ன என்று விளக்காமல் கேட்டால் இரண்டிலும் பூஜ்யம் வாங்கி, "பரவாயில்லை" என்ற வரிசையில் போய் நின்றுவிடுவார். பல வருடம் நாங்கள் இந்தத் தப்பைச் செய்திருக்கிறோம். இப்போது மேசையில் காலி குவார்ட்டர் பாட்டில், ஆஃப் பாட்டில், பீர் பாட்டில் மூன்றையும் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் எத்தனை டிரிங்க் என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறது. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் சுமார் நான்கு. "பீர்தானே சார், அது தண்ணி" என்று சொல்பவர்கள் அந்த ஒட்டுத்தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு அதிகம் வலித்த பயிற்சி, பேசுவதற்கான பயிற்சி. மோட்டிவேஷனல் இண்டர்வியூயிங் என்று சொல்வார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் முதலில் எழுதியது, பிறகு ஸ்டீஃபன் ரால்னிக்கோடு சேர்ந்து வளர்த்தது. எதிரில் இருப்பவர் மாறுவதற்கான காரணத்தை நாம் சொல்லக் கூடாது, அவர் வாயிலிருந்தே வரும்படி கேட்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. கேட்க எளிதாக இருக்கிறது. பயிற்சியில் எங்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசச் சொல்லி செல்போனில் பதிவு செய்தார்கள். அப்புறம் அவரவர் பேச்சை அவரவரே கேட்டு எண்ண வேண்டும். கேள்வி எத்தனை, புத்திமதி எத்தனை, எதிராளி சொன்னதைப் புரிந்துகொண்டு திருப்பிச் சொன்னது எத்தனை. ஒரு கேள்விக்கு இரண்டு முறை திருப்பிச் சொன்னால் நல்ல தேர்ச்சி என்பது அளவு. என்னுடைய பத்து நிமிடத்தில் கேள்வி 19, புத்திமதி 7, திருப்பிச் சொன்னது ஒன்று. அந்த ஒன்றும் "அப்போ குடிச்சது தப்புன்னு ஒத்துக்கிறீங்க?" என்பதுதான். இரண்டு வருடமாக நான் ஆலோசனை என்ற பெயரில் விசாரணை நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

நம் ஊரில் இதைப் பழகுவது கஷ்டம். வீட்டில், பள்ளியில், கோயிலில் எங்கும் பெரியவர் சொல்வார், சிறியவர் கேட்பார். வருகிறவர்களும் "நீங்க நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க மேடம்" என்றுதான் கேட்கிறார்கள். சொல்லாவிட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம் வரும். ஆனால் நம் ஊரிலேயே அதற்கு ஒரு திறவுகோலும் இருக்கிறது. அது மாலைதான். "போன வருஷம் மாலை போட்டப்ப எத்தனை நாள் தொடாம இருந்தீங்க?" என்று கேட்பேன். "ஒரு மண்டலம் மேடம், 48 நாள். பக்கத்துல ஒருத்தன் ஊத்திக் குடிச்சான், திரும்பிக்கூடப் பார்க்கல." "பக்கத்துலயே இருந்தும் கை போகல." "போகல மேடம். சாமி மேல பயம்... பயம்னு இல்ல, அந்தத் துணியைப் போட்டுக்கிட்டா நான் வேற ஆளு." இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பழைய நான் என்றால், "அப்போ மாலை இல்லாமலும் இருக்கலாமே?" என்று பாய்ந்திருப்பேன். மூடிக்கொண்டு காத்திருந்தால் பெரும்பாலும் அவரே சொல்வார்: "மாலையைக் கழட்டுன அன்னைக்கு சாயங்காலம்தான் மேடம் பிரச்சினை." அன்றைய வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு முறை பயிற்சிக்குப் போய்வந்தால் அது எத்தனை நாள் தாங்கும்? என் அனுபவத்தில் மூன்று மாதம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுகிறோம், பழைய பழக்கம் மெல்லத் திரும்பி வருகிறது. குடிநோயாளிக்குத் தொடர்சிகிச்சை வேண்டும் என்று வாய் ஓயாமல் சொல்கிற நாம், நமக்கு மட்டும் ஒரே தடவைப் பயிற்சி போதும் என்று நினைப்பது எப்படி? எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. சிகிச்சை கொடுப்பவர்கள் அவ்வளவு குறைவு. பல ஊர்களில் ஒரே ஒரு கவுன்சிலர், வாரம் இருமுறை வந்துபோகிற டாக்டர், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. நான் பார்த்தவரையில் இந்த வேலையை விட்டுப் போனவர்களில் பாதிப் பேர் சம்பளத்துக்காகப் போகவில்லை, கேட்க ஆளில்லாமல் போனார்கள்.

அதனால்தான் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நடத்துகிற எக்கோ வகுப்புகளைப் பெரிய உதவியாக நினைக்கிறேன். நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-ல் கல்லீரல் அழற்சி நோயாளிகளுக்காகத் தொடங்கிய முறை அது. பெரிய மருத்துவமனை நிபுணர்களும் சின்ன ஊர் ஊழியர்களும் குறிப்பிட்ட நாளில் வீடியோவில் கூடுவார்கள். ஒருவர் தன்னிடம் இருக்கும் நோயாளியைப் பற்றிப் பெயர் அடையாளம் இல்லாமல் சொல்வார், எல்லாரும் சேர்ந்து யோசிப்பார்கள். முதல் தடவை நான் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசியபோது குரல் நடுங்கியது. நிபுணர்கள் திட்டவில்லை. "அவருடைய தூக்கம் எப்படி, முன்பே மனச்சோர்வு இருந்ததா, குடிக்காத மாதங்களில் எப்படி இருந்தார்" என்று கேட்டார்கள். நான் கேட்காமல் விட்டவை எவை என்பது அந்தக் கேள்விகளிலேயே தெரிந்துவிட்டது.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கில் கடைகள் மூடியபோது இந்த உறவுதான் கைகொடுத்தது. ஒரே நாளில் ஊருக்கே மாலை போட்டதுபோல் இருந்தது. மே 7-ல் டாஸ்மாக் திறக்கும் வரைக்கும் தொலைபேசி ஓயவில்லை. சானிடைசர் குடித்தவர், வார்னிஷ் கலந்து குடித்தவர், வலிப்பு வந்தவர். வீட்டிலிருந்தே சமாளிக்கலாமா, உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்று போனில் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கண் மங்குகிறது, பனிமூட்டம்போல் தெரிகிறது என்று யாராவது சொன்னால் அது நிறுத்தியதால் வரும் அறிகுறி அல்ல, கள்ளச்சாராயத்தில் கலக்கும் விஷமான மெத்தனாலாக இருக்கலாம், ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அந்த மெத்தனால்தான்.

சில வருடங்களாக வருகிறவர்களின் வயது குறைந்திருக்கிறது. டேபெண்டடால் வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள் வருகிறார்கள், 19, 20 வயது. குடிநோயில் பத்து வருட அனுபவம் இங்கே அப்படியே செல்லாது என்பதை ஒத்துக்கொள்ளவே எங்களுக்கு நாளானது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அபின்போல் வேலை செய்யும் இந்த ஓபியாய்டு வகையை ஒரு மாதம் நிறுத்தியிருந்தவரின் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். "திரும்ப எடுக்கவே கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. இந்த ஆபத்தைப் பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொன்னால் நாமே வழி காட்டியதாகிவிடுமோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஓபியாய்டு ஏக்கத்தை அடக்க நாக்குக்கடியில் வைக்கும் புப்ரெநார்ஃபின் மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பதைப் பற்றியும் "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்கும் ஊழியர்கள் இன்னும் உண்டு. அது உயிரைக் காக்கிற சிகிச்சை. அதை ஊழியருக்கே புரியவைக்காமல் குடும்பத்துக்குப் புரியவைக்க முடியாது.

குடும்பம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுக்க ஒரு மருந்து சொல்லுங்க மேடம்" என்று கண்ணீரோடு கேட்கும் மனைவிகளை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். குடியை விடக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பரிசோதித்துத்தான் அதைக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்கிவிடாமல் சொல்வது ஒரு கலை. அவர் கேட்பது மருந்து இல்லை, ஒரு ராத்திரித் தூக்கம். குடிநோயாளிகளின் குடும்பத்தார் கூடிப் பேசும் அல்-அனான் கூட்டங்கள் இவர்களுக்காகத்தான். பக்கத்தில் கூட்டம் இல்லாத ஊர்களில் நாங்களே வாரம் ஒரு நாள் மனைவிகளையும் அம்மாக்களையும் மட்டும் கூட்டி உட்காரவைக்கிறோம்.

சரி, எங்களை யார் பார்த்துக்கொள்வது?

2016-ல் எங்களிடம் ஒரு வருடம் குடிக்காமல் இருந்த ஒருவருக்கு நிறைவு விழா நடத்தினோம். மேடையில் என் பெயரைச் சொல்லி அழுதார். ஐந்து வாரம் கழித்து மறுபடி குடித்து, வண்டியில் விழுந்து இறந்துபோனார். முந்தின நாள் மாலை என்னை இரண்டு தடவை அழைத்திருந்தார். நான் ஒரு கல்யாண வீட்டில் இருந்ததால் எடுக்கவில்லை. அதற்கப்புறம் நாலைந்து மாதம் போன் அடித்தாலே வயிறு கலங்கும். வேலையில் ஒன்றும் குறை வைக்கவில்லை, ஆனால் எதிரில் அழுகிறவரைப் பார்த்தால் எதுவுமே தோன்றாது. ஒரு பயிற்சியில் ப்ரோகால் என்ற 30 கேள்வித் தாளை நிரப்பக் கொடுத்தார்கள். உதவும் வேலையில் இருப்பவர்களின் நிறைவு, சலிப்பு, பிறர் துயரம் நம்மேல் படிவது, மூன்றையும் அளப்பது. நிரப்பி முடித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, எனக்கு மட்டும் வந்ததில்லை என்று தெரிந்ததே பாதி மருந்து.

மீதிப் பாதி, மாதம் ஒரு முறை என்னிடம் கேள்வி கேட்க ஒரு மூத்தவர் கிடைத்தது. அவர் என் மேலதிகாரி இல்லை, வேறு மையத்தில் இருப்பவர். மேலதிகாரியிடம் தப்பை ஒத்துக்கொள்ள யாருக்கும் வாய் வராது, ஆகவே அந்த ஆள் வெளியிலிருந்து வருவதே நல்லது. அந்த இரண்டு தவறிய அழைப்புகளைப் பற்றி நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான். இப்போது ராத்திரி அழைப்புகளுக்கு முறை வைத்திருக்கிறோம். என் முறை இல்லாத நாளில், 14446 போதை மீட்பு உதவி எண்ணும் 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணும் நோயாளியின் கையில் இருக்கும் அட்டையில் இருக்கின்றன.

எங்களோடு வேலை செய்யும், குடியிலிருந்து மீண்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எங்கள் வார்டு அண்ணன் ஒருவர் பதினோரு வருடமாகக் குடிக்கவில்லை. நடுராத்திரி நடுங்குகிறவரின் கையைப் பிடித்து அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு என் பட்டம் ஈடாகாது. ஆனால் மையத்திலேயே இருக்கிறோமே என்று அவர் தன் ஏ.ஏ. கூட்டத்துக்கு, அதாவது குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார், முகம் மாறத் தொடங்கியது. இங்கே வேலை பார்ப்பது அவருடைய சிகிச்சை ஆகாது. வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஷிப்ட் போடக் கூடாது என்று பணிப்பட்டியலிலேயே எழுதிவைத்துவிட்டோம்.

புதிதாக வருகிறவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்பதால் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் எம்.எச்.கேப் என்ற மனநலச் சிகிச்சைக் கையேட்டில் போதைப்பொருள் பகுதி சின்னது, தெளிவானது, முதலில் அதைப் படியுங்கள். முறையாகப் படித்துத் தேர்வு எழுத நினைத்தால் கொழும்புத் திட்டம் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பு தயாரித்த சிகிச்சைப் பாடத்திட்டம் இருக்கிறது. ஐ.எஸ்.எஸ்.யு.பி. என்ற, இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்கான பன்னாட்டு அமைப்பில் உறுப்பினராவது இலவசம். எல்லாமே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் என்பது பெரிய குறை. வார்டு அண்ணன்களுக்கும் பல சிஸ்டர்களுக்கும் அது எட்டாது. ஆகவே நான் எந்தப் பயிற்சிக்குப் போனாலும் திரும்பி வந்த வாரத்திலேயே ஒரு பக்கம் தமிழில் எழுதி, மருந்து அலமாரிக் கதவில் ஒட்டிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை.

நான்கு வருடமாக அக்கம்பக்கத்து மூன்று மையங்களைச் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூடுகிறோம். சொல்பவர் பத்து நிமிடம்தான் பேச வேண்டும். முதல் சுற்றில் கேள்வி மட்டும், யோசனை இரண்டாம் சுற்றில். சமையல்கார அக்காவும் உட்காரலாம், யார் சாப்பிடவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். நோயாளியின் பெயரை யாரும் சொல்லக் கூடாது, பேசியது எதுவும் அறையைத் தாண்டக் கூடாது.

போன வெள்ளிக்கிழமை, சேர்ந்து ஆறு வாரமே ஆன ஒரு பெண் முதல் தடவையாகத் தன் நோயாளியைப் பற்றிப் பேசினாள். கையில் காகிதம் நடுங்கியது. "42 வயசு, பெயின்டர், கடைசியா குடிச்சது செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணி, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை வலிப்பு வந்திருக்கு" என்று ஆரம்பித்தாள். செவ்வாய் பத்து மணி என்றால் அன்றைக்கு மூன்றாம் நாள். வார்டு அண்ணன் பேச்சு முடியும் வரை காத்திருக்கவில்லை, எழுந்து போய் அந்தப் பெயின்டரின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.